மறக்கச் சொல்லாத டாக்டர்

வீட்டில் ஒருவர் மூன்று நான்கு மாதமாக முகம் கொடுத்துப் பேசாமல், சரியாகச் சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் சொல்லும் முதல் வைத்தியம் அநேகமாக இதுதான்: "ஊட்டிக்கு ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க. மனசு மாறிடும்."

இந்த வைத்தியத்துக்கு வயது இருநூறு. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியதிலிருந்தே நீலகிரி, சமவெளியில் வாடிப்போனவர்களைத் தேற்றி அனுப்பும் ஊராகத்தான் வளர்ந்தது. காய்ச்சலில் அடிபட்ட சிப்பாய்களும், வெயில் தாங்காத அதிகாரிகளும், மனம் சோர்ந்த மிஷனரிகளும் 'சேஞ்சுக்கு' என்று இங்கே வந்தார்கள். குளிர்ந்த காற்றும் நல்ல தூக்கமும் உடம்புக்கு நன்மை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் தொட்டபெட்டாவில் நின்று போட்டோ எடுத்து, வர்க்கி வாங்கிக்கொண்டு, மேட்டுப்பாளையம் இறங்கும்போதே பழைய நினைப்பு பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதற்கு என்ன செய்வது?

அந்தக் கேள்விக்குப் பயனுள்ள பதில் ஒன்றைச் சொன்ன மனிதர் ஒருமுறை நீலகிரிக்கு வந்திருந்தார். ஓய்வுக்கு அல்ல, வேலைக்கு. பதிலைச் சொன்னது பதினைந்து வருடம் கழித்து, வேறொரு நாட்டில்.

டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ். மருத்துவம் படித்தவர், கேம்பிரிட்ஜில் உளவியல் கற்பித்தவர். உளவியல் என்ற துறையே அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. 1901-ன் கடைசியில் நீலகிரிக்கு வந்து சில மாதங்கள் தோடர்களோடு பழகினார். பார்வைக் கூர்மை எப்படி, நிறங்களை எப்படிப் பிரித்தறிகிறார்கள், வலி எப்படி உறைக்கிறது என்றெல்லாம் சோதித்தார். பிறகு வம்சாவளி, சடங்குகள், எருமைப் பால்மனை வழிபாடு என்று ஒன்றுவிடாமல் கேட்டு எழுதினார். 1906-ல் 'தோடர்கள்' என்ற பெரிய புத்தகம் வந்தது.

ரிவர்ஸுக்குத் தோடர் மொழி தெரியாது. அவருக்கு மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் பி. சாமுவேல். ஊட்டியில் தோடர்களிடையே ஊழியம் செய்துவந்த ஆங்கிலிக்கன் மிஷனைச் சேர்ந்த உபதேசியார். தோடர் மந்துகளுக்குப் பல வருடமாகப் போய்வந்து பழகியவர். கேம்பிரிட்ஜ் உளவியலும் ஊட்டி உபதேசியாரும் சேர்ந்து உட்கார்ந்து, மூன்றாவது மனிதர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார்கள். ரிவர்ஸைப் பற்றி எழுதுபவர்கள் சாமுவேலை ஒரு வரியில் தாண்டிவிடுவது வழக்கம். அவர் இல்லாமல் அந்தப் புத்தகத்தில் பாதியாவது இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

வேலையின் கடைசிக் கட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது. ரிவர்ஸுக்கு ரகசியச் சடங்குகளைக் காட்டியவர்கள், புனித இடங்களை அடையாளம் சொன்னவர்கள் சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பம் நேர்ந்தது. நோய், குடும்பத்தில் சாவு. தோடர்கள் தங்கள் குறிசொல்பவர்களிடம் கேட்டார்கள். அந்நியனுக்கு ரகசியத்தைச் சொன்னதால் தெய்வங்களுக்குக் கோபம் என்று பதில் வந்தது. அதன்பிறகு பலர் வாயைத் திறக்கவில்லை. ரிவர்ஸ் இதைத் தன் புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு 'பாவம், அந்தக் காலத்து ஜனங்கள்' என்று நினைத்தால் தவறு. ஒரு துன்பம் வந்ததும் மனம் முதலில் தேடுவது காரணத்தை. காரணம் கிடைக்காவிட்டால் மிக அருகில் இருக்கும் ஆளைப் பிடிக்கிறது. பெரும்பாலும் அந்த ஆள் நாமேதான். 'அன்னிக்கு நான் அவரைத் தனியா அனுப்பாம இருந்திருந்தா...' 'நான் கொஞ்சம் கண்டிப்பா வளர்த்திருந்தா...' கோவிட் காலத்தில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மகனும், சேர்க்காமல் வீட்டிலேயே வைத்திருந்த மகனும், இருவருமே 'என்னாலதான்' என்று சொல்லிக்கொண்டு திரிந்ததை எத்தனையோ குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளி தான்தான் என்று முடிவாகிறது என்றால், அந்தக் கணக்கில் எங்கோ பிசகு இருக்கிறது என்றுதானே பொருள்?

பைபிள் வாசிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. யோவான் 9-ம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைப் பார்த்ததும் சீடர்கள் கேட்கிற முதல் கேள்வியே, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்பதுதான். இயேசு இரண்டும் இல்லை என்கிறார். இவ்வளவு தெளிவான பதில் இருந்தும், சபைக்குள்ளேயே ஒரு வீட்டில் கஷ்டம் வந்தால் 'ஏதோ ஒரு சாபம் இருக்கு, ஆராய்ந்து பாருங்க' என்று சொல்கிறவர்கள் இன்னும் குறையவில்லை.

ரிவர்ஸ் இங்கிலாந்து திரும்பினார். 1914-ல் முதல் உலகப்போர் தொடங்கியது. குண்டுகள் உடம்பில் படாமலேயே நிலைகுலைந்த படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கை நடுங்கியது, பேச்சு நின்றது, தூங்கினால் அலறினார்கள். எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் என்ற இடத்தில் அதிகாரிகளுக்காக ஒரு மருத்துவமனை திறந்தார்கள். ரிவர்ஸ் அங்கே டாக்டரானார். கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் 1917-ல் அவரிடம் வந்த நோயாளிகளில் ஒருவர்.

ரிவர்ஸின் குடும்பத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பா ஆங்கிலிக்கன் திருச்சபைப் போதகர். அதோடு திக்குவாய்க்குப் பயிற்சி கொடுப்பவர். ஆனால் மகனுக்கு வாழ்நாள் முழுக்க திக்குவாய் இருந்தது. சில குறைகள் அதட்டினால் ஓடிவிடாது என்பதை அந்த வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

கிரெய்க்லாக்ஹார்ட்டுக்கு வந்த அதிகாரிகள் எல்லோரும் ஒரே அறிவுரையைச் சுமந்துகொண்டு வந்தார்கள். 'நடந்ததை மறந்துவிடு. நினைக்காதே. அழகான காட்சிகளை, சந்தோஷமான விஷயங்களை நினை.' மனைவி சொன்னார், நண்பர்கள் சொன்னார்கள், முன்பு பார்த்த டாக்டர்களும் சொன்னார்கள். நம் ஊர் 'ஊட்டிக்குப் போயிட்டு வா'வின் ஆங்கில வடிவம். அவர்களும் ஒழுங்காகக் கீழ்ப்படிந்தார்கள். பகல் முழுவதும் சீட்டாடினார்கள், படித்தார்கள், எதையாவது செய்து நினைப்பைத் துரத்தினார்கள். துரத்தியது அத்தனையும் இரவில் கனவாகத் திரும்பி வந்தது.

1917 டிசம்பரில் லண்டனில் மருத்துவர்கள் கூட்டத்தில் ரிவர்ஸ் இதைப் பற்றிப் பேசினார். மறுவருடம் 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது. பெயர் சொல்லாமல் சில நோயாளிகளின் கதையை அதில் விவரித்திருக்கிறார்.

ஒரு இளம் அதிகாரி. நண்பனைத் தேடிப்போனவர், குண்டில் சிதறிக் கிடந்த உடலைத்தான் கண்டார். அதன்பிறகு தூங்கினாலே அந்த உருவம் வரும். தூங்கவே பயந்தார். ரிவர்ஸ் அவரிடம் மறந்துவிடு என்று சொல்லவில்லை. அந்தக் காட்சியை அவரோடு சேர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: உடல் இந்த நிலையில் இருந்தது என்றால் உயிர் அந்த நொடியிலேயே போயிருக்கிறது. காயத்தோடு மணிக்கணக்கில், நாள் கணக்கில் துடித்துச் சாகிறார்களே, அந்த வேதனை உங்கள் நண்பருக்கு இல்லை.

அந்த அதிகாரியின் முகம் உடனே தெளிந்ததாம். இப்படி ஒரு பக்கம் இருப்பது தனக்குத் தோன்றவே இல்லை, யாரும் சொல்லவும் இல்லை என்றாராம். சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு வந்த கனவில், நண்பனின் உடலருகே மண்டியிட்டு, வீட்டுக்கு அனுப்புவதற்காக அவனுடைய பொருட்களை எடுத்தார். விழித்தபோது திகில் இல்லை. துக்கம் இருந்தது.

துக்கம் போய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நண்பன் செத்தது செத்ததுதான். ரிவர்ஸ் பொய்யாக எதையும் சொல்லி அதை இனிப்பாக்கவில்லை. அந்தக் காட்சிக்குள்ளேயே இருந்த, பயத்தில் கண்ணுக்குப் படாமல் போன ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான். இன்று 'பாசிட்டிவாக நினை' என்று வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழும் பூ படங்களுக்கும் இதற்கும் பெரிய தூரம் உண்டு.

நினைக்காதே என்று சொன்னால் ஏன் நினைப்பு கூடுகிறது? 1987-ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் ஒரு எளிய சோதனை செய்தார். மாணவர்களை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது என்றார். நினைத்துவிட்டால் மணி அடிக்க வேண்டும். மணி திரும்பத் திரும்ப அடித்தது. பிறகு 'இப்போது தாராளமாக நினைக்கலாம்' என்றபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. நினைக்கவில்லையே என்று சரிபார்ப்பதற்கே அதை ஒருமுறை நினைத்தாக வேண்டியிருக்கிறதே!

நம் சபைகளில் இந்த வெள்ளைக் கரடிக்கு வேறொரு பெயர் உண்டு: அவிசுவாசம். 'விசுவாசம் இருந்தா கவலை வருமா? சந்தேகம் வருமா? ஜெபம் பண்ணுங்க, போயிடும்.' சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கேட்பவருக்கோ ஏற்கெனவே இருந்த பாரத்தோடு 'எனக்கு விசுவாசமும் இல்லை' என்ற பாரமும் சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சிரித்த முகத்தோடு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறவர்கள் எத்தனை பேர்!

வேதபுத்தகம் இவ்வளவு கறாராக இல்லை. சங்கீதங்களில் பல முழுக்க முழுக்கப் புலம்பல்கள். 88-ம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லாமல் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. யாரும் அதைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடவில்லை.

எல்லாவற்றையும்விட எலியாவின் கதை. முதலாம் இராஜாக்கள் 19-ம் அதிகாரம். கர்மேல் மலையில் பெரிய வெற்றி பெற்ற தீர்க்கதரிசி, ராணி யேசபேலின் ஒரு மிரட்டலில் உடைந்துபோகிறார். வேலைக்காரனை விட்டுவிட்டு வனாந்தரத்துக்குத் தனியே போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்று கேட்கிறார். இன்று ஒரு மனநல மருத்துவர் இதைப் படித்தால் பட்டியலே போடுவார்: பயம், தனிமை, களைப்பு, சாவு விருப்பம்.

தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்குகிறார். தூங்கவும் விடுகிறான். இரண்டாம் முறை எழுப்பி, மறுபடி சாப்பாடு. பிறகு நீண்ட நடை, நாற்பது நாள், ஓரேப் மலை வரைக்கும். அதற்கெல்லாம் பிறகுதான் பேச்சு தொடங்குகிறது. அதுவும் கேள்வியாக: இங்கே உனக்கு என்ன வேலை? எலியா தன் மனதில் உள்ளதைக் கொட்டுகிறார். எல்லோரும் கைவிட்டார்கள், நான் ஒருவன்தான் மிச்சம், என்னையும் கொல்லத் தேடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வி மறுபடி. அதே பதிலை வார்த்தை மாறாமல் சொல்கிறார். மனச்சோர்வில் இருப்பவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், ரெக்கார்டு அப்படித்தான் ஒரே இடத்தில் சுற்றும். பொறுமையாக இரண்டு முறையும் கேட்கப்பட்டபின், அவருக்குச் செய்ய வேண்டிய வேலை சொல்லப்படுகிறது, கூட வேலை செய்ய எலிசா என்று ஒரு துணை சொல்லப்படுகிறது. கடைசியாக ஒரு கணக்கு: இஸ்ரவேலில் இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள்.

'நான் ஒருவன்தான்' என்ற நினைப்புக்குப் பதில் ஒரு எண்ணிக்கை! அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சிகிச்சை முறையில் நடப்பது ஏறத்தாழ இதுதான். சோர்ந்த மனதில் சில வாக்கியங்கள் தானாகவே, மின்னலாக வந்துபோகின்றன என்று அவர் கவனித்தார். 'எல்லாம் போச்சு', 'யாருக்கும் நான் வேண்டாம்', 'நான் எதற்கும் லாயக்கில்லை.' வேகமாக வருவதால் யாரும் அவற்றைச் சோதிப்பதில்லை. பிடித்து நிறுத்தி, எழுதிப் பார்த்து, இதற்கு என்ன சாட்சி, எதிர்ச்சாட்சி என்ன என்று கேட்கலாம் என்றார்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இரண்டு வாரமாக எடை குறைகிறது. மேஸ்திரி எல்லோர் எதிரிலும் ஒரு சொல் சொல்லிவிட்டார். லைன் வீட்டுக்குத் திரும்பும்போது மனம் சொல்கிறது: 'எனக்கு இனி கை ஓடாது. பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது. எல்லாம் என்னால்.' பக்கத்து வீட்டு அக்கா 'அப்படியெல்லாம் நினைக்காதே' என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பதில் 'மத்தவங்களுக்கு எவ்வளவு எடை வந்துச்சு?' என்று கேட்டுப் பார்க்கலாம். பனி விழுகிற மாதம், செடியே துளிர்க்கவில்லை, எல்லோருக்கும்தான் குறைந்திருக்கிறது என்று தெரியவரலாம். அல்லது இவருக்கு மட்டும்தான் குறைந்திருக்கிறது, காரணம் மூன்று மாதமாக இருக்கும் தோள்வலி என்று தெரியவரலாம். முதலாவது என்றால் மனசு கொஞ்சம் இலேசாகும். இரண்டாவது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'எல்லாம் என்னால்' என்பது மட்டும் இரண்டிலும் நிற்காது. ஃபீஸ் பிரச்னை அப்படியே இருக்கிறது, உண்மைதான். அதை ஃபீஸ் பிரச்னையாக மட்டும் பார்க்க முடிந்தால், சங்கத்தில் கடன் கேட்பதா, கல்லூரியில் தவணை கேட்பதா என்று யோசிக்கத் தெம்பு வரும்.

ஜெபமா, டாக்டரா என்று சண்டை போடுகிறவர்கள் ஸ்டான்லி ஜோன்ஸின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி. 1907-ல் இந்தியா வந்தவர். சில வருட ஊழியத்திலேயே உடலும் மனமும் உடைந்தார். வடக்கே ஒரு மலைக்குப் போய் மாதக்கணக்கில் ஓய்வெடுத்தார். சமவெளிக்கு இறங்கியதும் பழையபடி ஆனார். மறுபடி மலை, மறுபடி அதே கதை. கடைசியில் லக்னோவில் ஜெபத்தில் இருந்தபோது தனக்கு விடுதலை கிடைத்தது என்று 1925-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இப்படி ஜெபத்தில் சுகமான மனிதர் மற்றவர்களுக்கு என்ன செய்தார் தெரியுமா? 1950-ல் அதே லக்னோவில் 'நூர் மன்ஸில்' என்ற மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். எனக்கு ஜெபம் போதுமாக இருந்தது, உனக்கும் போதும் என்று அவர் சொல்லவில்லை.

நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில், சிகிச்சைக்கு வருபவரோடு குடும்பத்தினரும் தங்குவது பல பத்தாண்டுப் பழக்கம். தனியாக விட்டுவிட்டு வந்து, 'குணமானதும் சொல்லுங்க' என்கிற பேச்சு அங்கே இல்லை.

எல்லா நினைப்புக்கும் மறுபக்கம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. ரிவர்ஸ் அதையும் சொல்லியிருக்கிறார். இன்னொரு அதிகாரி, குண்டு வெடித்துத் தூக்கி எறியப்பட்டு, நாள்பட்ட ஒரு பிணத்தின் மேல் முகம் குப்புற விழுந்தவர். அந்த வாடையும் சுவையும் திரும்பத் திரும்ப வந்து அவரைச் சாப்பிடவிடாமல் செய்தன. இதில் ஆறுதலாகச் சுட்டிக்காட்ட ஏதாவது இருக்கிறதா என்று ரிவர்ஸ் தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இல்லாததை இருப்பதாக அவர் சொல்லவில்லை. முன்பு போரின் வாடையே இல்லாத கிராமப்புறத்தில் இருந்தபோது அவருக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்தது. ராணுவத்தை விட்டு அங்கேயே போகட்டும் என்று முடிவானது. இயற்கைக் காட்சியே மருந்தாக எழுதிக் கொடுக்கப்பட்ட ஆளும் ஒருவர் இருந்தார் என்பது ஊட்டிக்காரர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம்.

ரிவர்ஸ் இன்னொரு எச்சரிக்கையும் செய்தார். நினைப்பை அமுக்குவது கெடுதல் என்பதற்காக, நாள் முழுக்க அதையே தோண்டிக்கொண்டிருப்பதும் கெடுதல்தான் என்றார். ஒரு நேரம் வைத்துப் பேசுவது, பிறகு எழுந்து வேலையைப் பார்ப்பது. வீட்டில் கேட்பவர்களுக்கும் இது உதவும். இரவு பதினொரு மணிக்கு ஆரம்பிக்கிற பேச்சைவிட, மாலையில் டீ குடித்துக்கொண்டே அரைமணி நேரம் பேசுவது மேல்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், 'செத்துப்போயிடலாம்' என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும், வீட்டுக்குள் பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டாம். எலியாவுக்கு அடையும் தண்ணீரும் கொடுத்த மாதிரி, சிலருக்கு முதலில் மாத்திரை தேவைப்படும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஊழியக்காரர்கள் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் அவிசுவாசம் என்று சொல்வது நியாயமில்லை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் இறங்கிவர முடியாத தோட்டத்தில் இருந்தால், 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி சேவை இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 'தூக்கம் வரமாட்டேங்குது' என்று தொடங்கலாம். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.